எல்லை கடந்த பந்து – 11: லண்டனுக்கு வந்த ‘ஃபிரிட்ஜ்’

1985 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கால்பந்து சீசன் வழக்கம்போலத் தொடங்கியது. தொலைக்காட்சியில் மட்டும் தொடங்கவில்லை. ஒளிபரப்பு உரிமைக்கு என்ன விலை என்பதில் பிபிசி, ஐடிவி இரண்டுக்கும் கிளப் முதலாளிகளுக்கும் பேச்சு முறிந்திருந்தது. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. அந்த ஆண்டு முடியும்வரை ஒரு லீக் ஆட்டம்கூட வீட்டுத் திரைக்கு வரவில்லை.

கிளப்புகள் முறுக்கிக்கொள்ள அது ஏற்ற நேரமே அல்ல. மே 11 அன்று பிராட்ஃபோர்ட் மைதானத்தின் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்திருந்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி பிரஸ்ஸல்ஸின் ஹைசல் மைதானத்தில், லிவர்பூல் – யுவென்டஸ் இறுதியாட்டம் தொடங்குமுன்பே ரசிகர்கள் மோதி, சுவர் சரிந்து, 39 பேர் உயிரிழந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகளை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தள்ளிவைத்தார்கள். கால்பந்து மைதானம் என்றாலே அடிதடி, அழுக்கு, ஆபத்து என்று ஒரு பெயர். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை டி.வி.யைப் போட்ட பிரிட்டிஷ் குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன? ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிய அமெரிக்கர்கள்!

அந்த அமெரிக்கர்களைக் கொண்டுவந்தது சானல் 4. 1982 நவம்பர் 2 அன்று பிறந்த நான்காவது அலைவரிசை அது. மற்றவர்கள் தொடாததைத் தொடுவது அதன் கொள்கை. பெரிய விளையாட்டுகளை வாங்கக் கையில் காசு இல்லை என்பது அதன் நடைமுறை. அமெரிக்கன் ஃபுட்பால் மலிவாகக் கிடைத்தது. முதல் வாரத்திலேயே காட்டத் தொடங்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டங்களே நடக்கவில்லை. செப்டம்பர் 21 முதல் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 57 நாள் நீடித்த அந்த நிறுத்தம் நவம்பர் நடுவில்தான் முடிந்தது. கடையை மூடியிருந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் கிளை திறந்தது.

சானல் 4 காட்டிய விதத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. இந்த ஆட்டத்தைப் பழகாதவர் நேரில் பார்த்தால் பொறுமை போய்விடும். விதிப்படி 60 நிமிட ஆட்டம். நின்று நின்று நடந்து மூன்று மணி நேரம் இழுக்கும். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் 10 கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும், போனால் இன்னும் நான்கு முயற்சி, எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச் டவுன், அதற்கு 6 புள்ளி – விதியின் சாரம் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஆலோசனை, அணிவகுப்பு, விளம்பர இடைவேளை. சானல் 4 இந்தச் சதையையெல்லாம் அறுத்துப் போட்டது. முந்தைய வார ஆட்டத்தின் உச்சங்களை மட்டும் கோத்து, ராக் இசை சேர்த்து, விதிகளை இடையிடையே விளக்கிச் சொல்லி, கச்சிதமான ஒரு நிகழ்ச்சியாகக் கொடுத்தது. அமெரிக்கர்களே பார்த்திராத அளவுக்கு விறுவிறுப்பான அமெரிக்கன் ஃபுட்பாலைப் பிரிட்டன்தான் பார்த்தது.

அப்படிப்பட்ட திரையில், உள்ளூர்க் கால்பந்து காணாமல்போன அந்த 1985 இலையுதிர் காலத்தில் வந்து நின்ற அணி சிகாகோ பேர்ஸ். 16 ஆட்டங்களில் 15 வெற்றி. முரட்டுத்தனமான தடுப்பாட்டம். பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக, வாய்த்துடுக்கான ஜிம் மக்மான். எல்லாருக்கும் மேலாக வில்லியம் பெரி என்ற முதலாண்டு வீரர். எடை ஏறத்தாழ 140 கிலோ. செல்லப் பெயர் ‘ரெஃப்ரிஜிரேட்டர்’. தடுப்பாட்டக்காரரான அவர் கையில் பயிற்சியாளர் மைக் டிட்கா எல்லைக்கோட்டருகே பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார். எதிரே நிற்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே விழுவதைப் புரிந்துகொள்ள எந்த விதியும் தெரிய வேண்டியதில்லை. மான்செஸ்டரில் இருக்கும் பத்து வயதுப் பையனுக்கும் அது புரிந்தது. 1986 ஜனவரியில் பேர்ஸ் அணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46–10 என்று நசுக்கி, சீசனின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்றபோது, பிரிட்டனில் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்த ஒரு கூட்டம் உருவாகிவிட்டது.

என்எஃப்எல் இந்தச் சூட்டைத் தவறவிடவில்லை. 1986 ஆகஸ்ட் 3. லண்டன் வெம்ப்ளி மைதானம். சிகாகோ பேர்ஸ், டல்லஸ் கவ்பாய்ஸ். ‘அமெரிக்கன் பவுல்’ என்று பெயர் சூட்டிய முதல் ஆட்டம். மழை கொட்டியது, அதையும் மீறி 82,699 பேர். மூன்று ஆண்டு முன்பு, 1983 ஆகஸ்டில் இதே வெம்ப்ளியில் மினசோட்டா வைக்கிங்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஆடியபோது வந்தவர்கள் ஏறக்குறைய 33,000 பேர்தான். இடையில் நடந்தது சானல் 4. பேர்ஸ் 17–6 என்று ஜெயித்தது. பெரி ஒரு டச் டவுன் அடித்தார். காசு கொடுத்தவர்கள் பார்க்க வந்த காட்சி அதுதான். மைக் டிட்காவுக்கு வியாபாரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ‘அமெரிக்கன் பவுல்’ வண்டி பிறகு ஊர் ஊராகப் போனது. ஸ்வீடனின் கோதன்பர்க், டோக்கியோ, மாண்ட்ரியல், பார்சிலோனா. 1990 ஆகஸ்டில் பெர்லின்: சுவர் திறந்து ஒன்பது மாதம், இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைய இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. ஹிட்லர் 1936 ஒலிம்பிக்கை நடத்திய அந்த மைதானத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும் கான்சஸ் சிட்டி சீஃப்ஸும் மோதிக்கொண்டார்கள்.

1997இல் டப்ளினின் குரோக் பார்க். இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளுக்காக இருக்கும் கேலிக் தடகளச் சங்கத்தின் மைதானம் அது. கால்பந்தும் ரக்பியும் ஆங்கிலேயன் விளையாட்டு என்று அவற்றை உள்ளே விட மறுத்தவர்கள் அவர்கள். அந்தத் தடை 2005இல்தான் தளர்ந்தது. ஆனால் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு 1996, 1997 இரண்டு ஆண்டுகளிலும் கதவு திறந்தது. 1996இல் கல்லூரி அணிகள், அடுத்த ஆண்டு பேர்ஸும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும். லண்டன்காரனோடு பகை, பாஸ்டன்காரனோடு உறவு. ஐரிஷ் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்த ஆட்டங்களில் ஒரு பொத்தல் இருந்தது. இவையெல்லாம் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள். வென்றாலும் தோற்றாலும் கணக்கில் சேராது. பெயர்பெற்ற வீரர்கள் கால் மணி நேரம் தலைகாட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். மீதி நேரம் அணியில் இடம் கிடைக்குமா என்று ஏங்கும் புதுமுகங்கள் ஆடுவார்கள். முதல் வருடம் ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் வாரா வாரம் டி.வி. பார்த்து வளர்ந்தவர்கள். எது அசல், எது ஒப்புக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. இந்தத் தெளிவை என்எஃப்எல் முதலாளிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் அடுத்த பதினாறு வருடக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. கூட்டம் இருக்கிறது, எனவே கூட்டத்துக்குச் சொந்த அணி கொடுப்போம். 1991 மார்ச்சில் ‘வேர்ல்ட் லீக்’ தொடங்கியது. பத்து அணிகள், ஏழு வட அமெரிக்காவில், மூன்று ஐரோப்பாவில் – லண்டன் மோனார்க்ஸ், பார்சிலோனா டிராகன்ஸ், பிராங்க்பர்ட் கேலக்ஸி. மார்ச் 23 அன்று பிராங்க்பர்ட்டில் மோனார்க்ஸ் 24–11 என்று முதல் வெற்றி பெற்றது. ஆடியவர்களில் பெரும்பாலோர் என்எஃப்எல் அணிகளில் நிலையான இடம் கிடைக்காத அமெரிக்கர்கள். ஜூன் 9 அன்று வெம்ப்ளியில் நடந்த இறுதியாட்டத்துக்கு 61,108 பேர் வந்தார்கள். மோனார்க்ஸ் பார்சிலோனாவை 21–0 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. லண்டனுக்குச் சொந்தமாக ஒரு சாம்பியன் அணி! திட்டம் பலித்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த வருடமே காற்று இறங்கியது. வெம்ப்ளியில் காலி இருக்கைகள். அமெரிக்க நகரங்களிலோ யாருக்கும் இந்த லீக்கில் அக்கறையில்லை. 1992 சீசனோடு கடையைக் கட்டிவிட்டு, 1995இல் ஐரோப்பாவில் மட்டும் ஆறு அணிகளோடு மறுபடி திறந்தார்கள். இப்போது மோனார்க்ஸுக்கு வெம்ப்ளி கிடையாது. டாட்டன்ஹாம் கிளப்பின் வொயிட் ஹார்ட் லேன் மைதானம். அங்கே முழு நீளக் களம் போட இடமில்லை. 100 கெஜம் இருக்க வேண்டிய களத்தை 93 கெஜமாகக் குறுக்கி, அதற்குத் தனி அனுமதி வாங்கி ஆடினார்கள். 1996இல் கூட்டம் சேர்க்க நம் பெரியையே மோனார்க்ஸ் அணிக்கு அழைத்துவந்தார்கள். பத்து வருடம் முன்பு வெம்ப்ளியை நிரப்பிய மனிதர் இப்போது பாதிகூட நிரம்பாத கேலரிகளுக்கு முன் ஆடினார். வடக்கே எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கிளேமோர்ஸ் அணி ரக்பி நாயகன் கேவின் ஹேஸ்டிங்ஸைப் பந்து உதைக்கக் கூப்பிட்டது. பார்சிலோனாவில் கால்பந்து கோல்கீப்பர் ஹெசுஸ் அங்கோய் அதே வேலையைச் செய்தார். உள்ளூர் முகம் ஒன்றாவது வேண்டும் என்ற தவிப்பு. 1998இல் மோனார்க்ஸ் தன் பெயரிலிருந்து லண்டனை எடுத்துவிட்டு இங்கிலாந்து மோனார்க்ஸ் ஆனது; பர்மிங்ஹாமிலும் பிரிஸ்டலிலும்கூட ஆடிப் பார்த்தது. அந்த சீசனோடு அணி செத்தது. அதன் இடத்தில் பெர்லின் தண்டர் வந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக இதே கதை. பார்சிலோனா போய் கொலோன் வந்தது. ஸ்காட்லாந்து போய் ஹாம்பர்க் வந்தது. கடைசியில் ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில், ஒன்று ஆம்ஸ்டர்டாமில். ஐரோப்பிய லீக் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரே நாட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியில் மட்டும் ஏன் எடுபட்டது? சென்ற அத்தியாயத்தில் 1945 புத்தாண்டு அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடிய ‘ஸ்பகெட்டி பவுல்’ ஆட்டத்தைப் பார்த்தோம். இத்தாலியிலிருந்து பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியில் தலைமுறைகளாகத் தங்கினார்கள். லட்சக்கணக்கான அமெரிக்கத் துருப்புகள், அவர்களுடைய குடும்பங்கள், பள்ளிகள், அந்தப் பள்ளிகளின் ஃபுட்பால் அணிகள், அமெரிக்கப் படைகளுக்கான வானொலி, தொலைக்காட்சி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஜெர்மன் பையன்கள் ஒருநாள் தாங்களே ஆடத் தொடங்கினார்கள். 1977இல் அலெக்சாண்டர் ஸ்பெர்பர் பிராங்க்பர்ட் லோவன் என்ற முதல் கிளப்பைத் தொடங்கினார். 1979இல் ஆறு அணிகளோடு லீக். பிராங்க்பர்ட், அன்ஸ்பாக், பிரமர்ஹாஃபன், பெர்லின் என்று அந்த முதல் அணிகளின் ஊர்ப் பட்டியலைப் படித்தால், அமெரிக்க ராணுவத்தின் தபால் முகவரிகளைப் படிப்பதுபோல இருக்கும்.

அதனால் பிராங்க்பர்ட் கேலக்ஸி வந்தபோது ஜெர்மானியர்களுக்கு அது டி.வி. பெட்டியிலிருந்து இறங்கி வந்த அதிசயம் அல்ல. ஏற்கெனவே பரிச்சயமான ஆட்டத்தின் பெரிய வடிவம். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு மைதானத்துக்கு வெளியே மணிக்கணக்கில் இசை, பீர், பொரித்த சாசேஜ் என்று திருவிழா வைத்தார்கள். ஆட்டம் அந்தத் திருவிழாவின் ஒரு பகுதி. யார் ஆடுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். பிரிட்டிஷ் ரசிகனோ மயாமியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் டான் மரினோ ஆடுகிறாரா என்று கேட்பவன். இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே கண்டம், இருவேறு பயிர்.

லீக் என்ற அளவில் அது வீண்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் வானொலி வைத்துப் பயிற்சியாளர் பேசும் முறையை முதலில் சோதித்தது வேர்ல்ட் லீக்தான். 1994இல் என்எஃப்எல் அதை எடுத்துக்கொண்டது. அயோவா மாநிலத்தில் மளிகைக் கடை அலமாரிகளில் இரவு நேரம் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த கர்ட் வார்னர், 1998இல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸில் ஆடினார். 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஆனால் பயிற்சிப் பட்டறைக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் நஷ்டம் என்பது முதலாளிகளுக்குக் கசந்தது. 2007 ஜூன் 23 அன்று பிராங்க்பர்ட்டில் நடந்த இறுதியாட்டத்துக்கு 48,125 பேர் வந்தார்கள். ஹாம்பர்க் சீ டெவில்ஸ் 37–28 என்று கேலக்ஸியை வென்றது. ஆறு நாள் கழித்து, ஜூன் 29 அன்று, லீக்கை மூடுவதாக அறிவிப்பு வந்தது.

கைவிட்டுப் போகிறார்கள் என்று அர்த்தமல்ல. அதற்கு முன்பே, 2006 அக்டோபரில், அணி முதலாளிகள் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்: இனி ஒவ்வொரு சீசனிலும் கணக்கில் சேரும் ஆட்டங்களில் ஒன்றிரண்டை வெளிநாட்டில் ஆடலாம். 2005 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் அரிசோனா கார்டினல்ஸும் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸும் ஆடிய ஆட்டத்துக்கு 1,03,467 பேர் வந்ததன் பலன் அது. ஒப்புக்கு ஆடுவது கிடையாது, இரண்டாம் தர லீக் கிடையாது. அசல் ஆட்டம், அசல் வீரர்கள். இருபது வருடமாக லண்டன்காரன் கேட்டது இதைத்தான்.

2007 அக்டோபர் 28. புதிதாகக் கட்டி அந்த வருடம்தான் திறந்த வெம்ப்ளி. நியூயார்க் ஜயன்ட்ஸ், மயாமி டால்ஃபின்ஸ். டிக்கெட் கேட்டு முதல் மூன்று நாளில் 5 லட்சம் விண்ணப்பங்கள் வந்ததாகச் செய்தி. விளம்பரத்துக்காக டால்ஃபின்ஸ் வீரர் ஜேசன் டெய்லரின் உருவில் 26 அடி உயர இயந்திர பொம்மை ஒன்றை லண்டனில் உலவவிட்டார்கள். ஆட்டத்துக்கு 81,176 பேர்.

ஆட்டம் எப்படி? படுமோசம். மழை, சேறு, வழுக்கல். ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் ஆட்டம் முழுக்கப் பந்தெறிந்து சேர்த்தது 59 கெஜம். ஜயன்ட்ஸின் ஒரே டச் டவுனையும் அவர் எறியவில்லை, தானே ஓடிப்போய் எடுத்தார். 13–10 என்று ஜயன்ட்ஸ் ஜெயித்தது. டால்ஃபின்ஸ் அந்த சீசனில் 16 ஆட்டங்களில் 15ஐத் தோற்றது. தோல்வியே காணாத பேட்ரியட்ஸை அடுத்த பிப்ரவரியில் வீழ்த்தி சூப்பர் பவுல் வாங்கியதும் இதே ஜயன்ட்ஸ்தான் என்பதை, அன்று சேற்றில் அவர்களைப் பார்த்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கிழிந்துபோன புல்தரையில் மூன்று வாரம் கழித்து, நவம்பர் 21 அன்று, இங்கிலாந்துக் கால்பந்து அணி குரோயேஷியாவை எதிர்கொண்டது. டிரா செய்தாலே போதும். 3–2 என்று தோற்று, 2008 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி இழந்தது. மறுநாள் பயிற்சியாளர் ஸ்டீவ் மக்லாரனின் சீட்டு கிழிந்தது. ஊரே தரையைத் திட்டியது, அமெரிக்கர்களையும் திட்டியது. தரை இரு அணிகளுக்கும் ஒன்றுதானே என்று கேட்க ஆளில்லை.

சேற்று ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஏமாந்து போகவில்லை. அடுத்த வருடமும் வந்தார்கள், அதற்கடுத்த வருடமும். அவர்களிடம் அமெரிக்கப் பத்திரிகையாளர்களை வியக்கவைத்த ஒரு பழக்கம் உண்டு. ஆடும் அணிகள் இரண்டு. கேலரியிலோ முப்பத்திரண்டு அணிகளின் ஜெர்சிகளும் இருக்கும். டல்லஸ் சட்டை, டென்வர் சட்டை, எப்போதோ பெயர் மாறிப்போன அணியின் நைந்த சட்டை. அமெரிக்காவில் இது நடக்காது. அங்கே அணி என்பது பிறந்த ஊர், அப்பாவின் சீசன் டிக்கெட். பிரிட்டிஷ் ரசிகனுக்கோ அணி என்பது அவன் எந்த வருடம் டி.வி. பார்க்கத் தொடங்கினான் என்பதைப் பொறுத்தது. 1985இல் தொடங்கியவன் பேர்ஸ். மரினோவின் எறிதலில் மயங்கியவன் டால்ஃபின்ஸ். ஜோ மோன்டானாவைப் பார்த்தவன் ஃபார்ட்டி நைனர்ஸ். நடுத்தர வயதில் வயிறு போட்ட பிறகும் அந்தச் சட்டையைக் கழற்ற அவன் தயாரில்லை. எதிர் அணி என்று அவனுக்கு யாருமில்லாததால் சண்டையும் இல்லை. நல்ல ஆட்டம் யார் ஆடினாலும் கைதட்டல். பந்து உயரே உதைபட்டால் ஒரு படி கூடுதல் ஆரவாரம். உதைப்பதன் அருமை தெரிந்த ஊர் அல்லவா!

சரி, இதற்கு விலை கொடுப்பது யார்? லண்டன் ஆட்டத்துக்காக ஓர் அணி தன் சொந்த ஊர் ஆட்டத்தை இழக்க வேண்டும். அன்றைக்குச் சீசனுக்கு எட்டே எட்டுச் சொந்த ஊர் ஆட்டம். அதில் ஒன்று போய்விடும். சேப்பாக்கத்தில் நடக்க வேண்டிய ஐபிஎல் ஆட்டம் ஒன்றை வருடா வருடம் லண்டனுக்குத் தூக்கிப் போனால் சென்னை சும்மா இருக்குமா? செயின்ட் லூயிஸ் சும்மா இருக்கவில்லை. மூன்று வருடம் லண்டனில் ஆட ஒப்புக்கொண்ட ராம்ஸ், 2012இல் ஒரே ஆட்டத்தோடு பின்வாங்கியது. அந்த இடத்தில் தானே வந்து நின்றார் ஷாகித் கான்.

லாகூரில் பிறந்து, 16 வயதில் இலினாய்க்குப் படிக்கப் போய், மணிக்கு 1.20 டாலருக்குப் பாத்திரம் கழுவி, கார் பம்பர் தொழிலில் கோடீஸ்வரரானவர் கான். 2012இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அவர் கைக்கு வந்தது. ஃபுளோரிடாவின் சின்னச் சந்தை. மைதானத்தில் விற்காத இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிய காலம் உண்டு. கானின் கணக்கு வேறு: நம் ஊரில் கிடைக்காத வருமானம் லண்டனில் கிடைக்கும். 2013இல் தொடங்கி, கொரோனா வந்த 2020 தவிர, ஒவ்வொரு ஆண்டும் ஜாகுவார்ஸ் லண்டனில் ஆடியது. அதே 2013இல் லண்டனின் ஃபுல்ஹாம் கால்பந்து கிளப்பை வாங்கினார். 2018இல் வெம்ப்ளியையே 60 கோடி பவுண்டுக்குக் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் விட்டுவிட்டார். அணி லண்டனுக்கே போய்விடுமோ என்று ஜாக்சன்வில்லில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அடிவயிறு கலங்கியது.

தொலைக்காட்சிக் கணக்கு ஒன்றும் இதில் உண்டு. 2014இல் அட்லான்டா ஃபால்கன்ஸ் – டெட்ராய்ட் லயன்ஸ் ஆட்டத்தை லண்டன் நேரம் பகல் 1.30க்கு வைத்தார்கள். நியூயார்க்கில் அப்போது காலை 9.30. அமெரிக்க ஞாயிறுகளில் அதுவரை காலியாகக் கிடந்த நேரம் அது. மூன்று ஆட்ட நேரங்களை விற்றுக்கொண்டிருந்தவர்கள் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐரோப்பிய ரசிகர்மேல் லீக்குக்கு உள்ள பாசத்தில் இந்த நான்காவது நேரத்துக்கும் கணிசமான பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

2019 அக்டோபரில் டாட்டன்ஹாமின் புதிய மைதானத்தில் முதல் என்எஃப்எல் ஆட்டம். பழைய வொயிட் ஹார்ட் லேனை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுந்த மைதானம். இம்முறை களத்தைக் குறுக்கத் தேவையில்லை. கால்பந்துப் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்குக் கேலரியின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கீழே அமெரிக்கன் ஃபுட்பாலுக்கென்றே முழு நீளச் செயற்கைத் தரை தயாராக இருக்கும். ரெய்டர்ஸ் 24–21 என்று பேர்ஸை வென்றது.

ஜெர்மனிக்கு அசல் ஆட்டம் வந்து சேர இன்னும் மூன்று வருடம் ஆனது. கேலக்ஸி செத்த பிறகும் அங்கே ஈரம் காயவில்லை. டுஸ்ஸல்டார்ஃப் பாந்தர் கிளப்பில் பழகிய செபாஸ்டியன் ஃபோல்மர் பேட்ரியட்ஸில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்குக் காவலாக ஆடினார். ஜெர்மனியில் பேட்ரியட்ஸ் சட்டைகள் பெருகியதில் அவருக்கும் பங்குண்டு. 2015 முதல் ஞாயிறு இரவுகளில் புரோசீபன் மேக்ஸ் அலைவரிசை கட்டணமில்லாமல் நேரலை காட்டியது. ஹாஸ்யமும் அரட்டையுமாக அந்த நிகழ்ச்சி ஒரு புதுத் தலைமுறையைப் பிடித்தது. பிரிட்டனில் எண்பதுகளில் நடந்தது இங்கே முப்பது வருடம் தள்ளி நடந்தது.

2022 நவம்பர் 13, மியூனிக். தாம்பா பே பக்கனியர்ஸ், சியாட்டில் சீஹாக்ஸ். கிடைத்திருந்தால் 30 லட்சம் டிக்கெட் விற்றிருக்கலாம் என்றது லீக். உள்ளே இடம் கிடைத்தது 69,811 பேருக்கு. பக்கனியர்ஸ் 21–16 என்று ஜெயித்தது. கடைசி நிமிடங்களில் ஒரு இடைவேளையில், ஜான் டென்வரின் பழைய கன்ட்ரி பாடல் ஒலிபெருக்கியில் வந்தது. ஒலி நின்ற பிறகும் மைதானம் நிறுத்தவில்லை, மொத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. பக்கனியர்ஸுக்கு மாறி, தொழிலில் 23ஆவது வருடத்தில் இருந்த பிரேடி, தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்ட அனுபவங்களில் ஒன்று என்று அதைச் சொன்னார். சாசேஜ் திருவிழாக்காரர்களின் வாரிசுகள்தானே!

2025இல் ஒரே சீசனில் டப்ளின், லண்டனில் மூன்று, பெர்லின், மாட்ரிட் என்று ஐரோப்பாவில் மட்டும் ஆறு ஆட்டங்கள். ரியல் மாட்ரிட் கால்பந்து கிளப்பின் பெர்னபே மைதானத்துக்குள் டால்ஃபின்ஸ் 16–13 என்று கூடுதல் நேரத்தில் வாஷிங்டனை வென்றது. குரோக் பார்க்கில் 1997இல் ஒப்புக்கு ஆடிய ஸ்டீலர்ஸ், இம்முறை கணக்கில் சேரும் ஆட்டத்தை ஆடி வைக்கிங்ஸை 24–21 என்று வென்றது. அதன் முதலாளிகளான ரூனி குடும்பம் அயர்லாந்திலிருந்து போனவர்கள். டேன் ரூனி 2009 முதல் 2012 வரை டப்ளினில் அமெரிக்கத் தூதராக இருந்தவர்.

இனி லண்டனுக்கு நிரந்தர அணி வருமா என்பதுதான் வருடா வருடம் எழும் கேள்வி. கலிஃபோர்னியாவுக்கும் லண்டனுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம், வாரம் விட்டு வாரம் அட்லான்டிக்கைத் தாண்டும் பயணம், இரு நாட்டு வரிகள் என்று தடைகளை அடுக்குவார்கள். அவற்றையெல்லாம் பணம் தீர்த்துவிடலாம். எனக்குத் தெரிந்த பெரிய தடை கேலரியில் இருக்கிறது. நாற்பது வருடமாக மரினோ சட்டை போட்டுக்கொண்டிருப்பவனிடம் போய், இனி உன் அணி லண்டன் என்று சொல்ல வேண்டும். மோனார்க்ஸ் கோப்பையையே வாங்கிக் கொடுத்தும் அவன் சட்டையை மாற்றவில்லை.

அடுத்த வாரம் மெக்சிகோ. 1994 ஆகஸ்டில் டல்லஸ் கவ்பாய்ஸும் ஹூஸ்டன் ஆயிலர்ஸும் ஆடிய ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு அஸ்டெகாவில் 1,12,376 பேர் கூடினார்கள். லண்டனும் மியூனிக்கும் இன்றுவரை எட்டிப்பிடிக்காத எண் அது. அவர்களுக்கு கவ்பாய்ஸ்மேல் அப்படி என்ன பித்து?

(தொடரும்)